முன்கூட்டியே எழுதிவைத்த திடீர் அழுகை

நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைய தோழர்களுக்கு,

என் வலது முழங்காலை மருத்துவர் திறந்து பார்த்து மீண்டும் பூட்டிய நாளிலிருந்து நான் மேடைப்படி ஏறுவதில்லை. ஆயினும் வாய்க்கும் கைக்கும் ஓய்வு கொடுக்கும்படி எந்த மருத்துவரும் இதுவரை பணிக்கவில்லை. எனவே, புதியவர்களுக்காக ஏதேனும் எழுதித் தருமாறு டீச்சர் கேட்டபோது, மறுப்பதற்குத் தக்க காரணம் ஒன்றும் எனக்குக் கிட்டவில்லை. குரலைக் கடைசி வரிசைவரை எப்படிக் கொண்டுசெல்வது, வெளிச்சத்தில் எங்கே நிற்பது முதலியவற்றை அவரே உங்களுக்குக் கற்பிப்பார். நான் கூற விழைவது வேறொன்று. எதிர்பாராத ஒன்று நிகழும் கணத்தில் உடனுக்குடன் இயங்குவதை என் ஐம்பத்தொன்பதாம் வயதில் நான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்பதற்காக நான் புரிந்த அறிவீனங்கள் சிறியவை அல்ல. அவற்றை இங்கே ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

பாசிர் கூடாங்கில் உள்ள ஓர் இரசாயன ஆலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவன் நான். அவற்றுள் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் பாதுகாப்பு மேற்பார்வையாளன். அபாயச் சங்கு ஒலித்தால் எவருக்கும் கால்கள் ஓடத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் என் தொழில். முதலில் கம்பத்தின் உச்சியில் தொங்கும் காற்றுப்பையை அண்ணாந்து பார்க்க வேண்டும். அது எத்திசையில் படபடக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஆட்களை நடத்திச் செல்ல வேண்டும். பிறகு தலைகளை எண்ண வேண்டும். அதற்குப் பிறகே வாய் திறக்கலாம். யோசிக்காமல் கை நீட்டியவன் அந்தக் கையோடு வீடு திரும்புவான் என்று உறுதி கூற இயலாத இடம் அது.

இத்தகைய மனிதன் ஓய்வுபெற்று வீட்டிலிருந்தால் வீட்டார் படும் பாட்டை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். மூன்றாவது மாதத்தில் என் மனைவி கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள்.

"என்னங்க, அடுத்த வீட்டு அக்கா கேக்குறாங்க, உங்க வீட்டுக்காரர் ஏன் எங்க கிச்சன் சன்னல அளக்குறாருன்னு. நம்ம கேஸ் டியூப்ப ஒரு நாளைக்கு நாலு தடவ மோந்து பாக்குறீங்க. இந்தா, மாசாய்ல நடிப்பு கிளாஸ் ஆரம்பிக்கிறாங்களாம். சின்ன வயசுல கோயில் திருவிழாவுல நடிச்சேன் நடிச்சேன்னு சொல்லுவீங்கல்ல? போயிட்டு வாங்க."

நடித்தது உண்மை. என் வசனத்தை மட்டுமன்றி அடுத்தவர் வசனத்தையும் மனப்பாடம் செய்து, அவர் மறந்த இடத்தில் அவருக்கும் சேர்த்து நானே பேசியதும் உண்மை. அதையே நடிப்பு என்று நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

வகுப்பு, மாசாயில் ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. டீச்சருக்கு அப்போது முப்பத்தொரு வயது. என் மகளைவிட இளையவர். அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அவரே இட்ட கட்டளை. ஆகவே எல்லாரையும் போல நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன். முதல் நாளன்று எங்களை வட்டமாக நிற்கவைத்து, ஒரு துண்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, ஒரு சொல்லைக் கூறியபடியே ஒருவர் மீது எறிந்தார். பிடிப்பவர் அக்கணமே வாயில் வந்த சொல்லைக் கூறி அடுத்தவருக்கு எறிய வேண்டும். அவ்வளவே பயிற்சி.

"மழை!" என்று என்மீது எறிந்தார்.

நான் பிடித்தேன். முடிச்சு உறுதியாக உள்ளதா என்று பார்த்தேன். அடுத்தவர் ஆயத்தமாக நிற்கிறாரா என்று பார்த்தேன். பிறகு, "குடை" என்றேன்.

"அங்கிள், நாலு செகண்ட் ஆச்சு."

"சரியான வார்த்தை வர வேணாமா, டீச்சர்?"

"சரியானது வேணாம், அங்கிள். மொதல்ல வர்றது போதும்."

எனக்கு அடுத்து நின்றவர் நசீர் பாய். மாசாயிலேயே உணவகம் நடத்துபவர். தந்தை வழி இராமநாதபுரக் கரையோரத்துக்காரர். காலை முதல் கல்லாவில் அமர்ந்து, ஒரே நேரத்தில் ஐந்து மேசைகளுக்கு ஐந்து விதமாகப் பதில் சொல்லிப் பழகிய நாக்கு அவருடையது. அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, மழை பெஞ்சு, வெள்ளம் வந்து, வடிஞ்சும் போச்சு. குடைய மடிச்சு வைங்க" என்றார். வகுப்பே குலுங்கியது. அன்று மாலைக்குள் எனக்கு 'நாலு செகண்ட் அங்கிள்' என்ற பட்டம் நிலைபெற்றுவிட்டது.

இங்கேதான் என் முதல் பிழை. வீட்டுக்குச் சென்று ஆற அமர யோசித்தேன். உடனுக்குடன் பதில் வரவேண்டுமெனில் பதில் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆயத்தமாக இருக்க வேண்டுமெனில் எழுதிவைக்க வேண்டும். ஆலையில் எந்த விபத்துக்கும் நாங்கள் முன்னதாகவே எழுதிவைத்த நடைமுறை உண்டே! கெட்டி அட்டை போட்ட ஒரு குறிப்பேட்டை வாங்கி, கோடு கிழித்து, வகைப்படுத்தி எழுதலானேன். பொருள்கள், உணவு, விலங்கு, உறவுமுறை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் உடனடிப் பதில். பின்பகுதியில் 'திடீர் வியப்பு', 'திடீர்ச் சினம் – பெரியோரிடம்', 'திடீர்ச் சினம் – ஏனையோரிடம்', 'திடீர் அழுகை – மூன்று வகை'. ஒரு வாரம் குளியலறையில் கதவடைத்துப் பயின்றேன்.

"என்னங்க, உள்ள யாரு அழுவுறது?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணும் இல்ல. மூணாவது வகை."

அடுத்த வகுப்பில் நான் புயலாக இருந்தேன். "மீன்!" என்றால் "வலை!" "கத்தி!" என்றால் "தாத்தா!" காரணமே இல்லாதது போல் தோன்றவேண்டும் என்பதற்காகவே கத்திக்குத் தாத்தாவை எழுதிவைத்திருந்தேன். எல்லாரும் கைதட்டினர். டீச்சர் மட்டும் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வகுப்பில் அவர் பயிற்சியை மாற்றினார். துண்டு இல்லை. ஒருவர் வந்து ஒரு செய்தி சொல்வார். மற்றவர் அதைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும். நசீர் பாய் மூச்சிரைக்க ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"அண்ணே! கோவிச்சுக்காதீங்க. ஒங்க மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போனேன்ல? கால்வாய்ல விட்டுட்டேன்!"

நான் மனத்துக்குள் குறிப்பேட்டைத் திறந்தேன். அவசரத்தில் பக்கம் மாறிவிட்டது. கைகளை அகல விரித்து, முகமெல்லாம் மலர, "ஆகா! எவ்வளவு பெரிய மீன்!" என்று முழங்கினேன்.

நசீர் பாய் என் தோளை விட்டுவிட்டார். "அலாமாக். அண்ணே, நான் மோட்டார விட்டுட்டேன்னு சொல்றேன். நீங்க அங்க தூண்டில் போடுறீங்களா?"

சிரிப்பில் நானும் குலுங்க, என் பைக்குள்ளிருந்த குறிப்பேடு தரையில் விழுந்தது. பாய் அதை எடுத்துப் பிரித்தார். "டீச்சர், இத கேளுங்க! திடீர் அழுகை, மூணு வகையாம்! ஒண்ணு, சத்தம் இல்லாம. ரெண்டு, தோள் குலுங்க. மூணு, சுவரைப் பிடித்துக்கொண்டு!"

டீச்சர் அதை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். பாதியில் அவரால் நிற்க முடியவில்லை. தரையில் அமர்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். நான் பள்ளிப் பிள்ளையைப் போல் நின்றிருந்தேன். ஆனால் சிரித்து முடித்தபின் அவர் கேட்ட கேள்வியை இன்றும் என் கல்வியின் தொடக்கமாகக் கருதுகிறேன்.

"அங்கிள், ஃபேக்டரியில சங்கு ஊதுனா ஒங்களுக்கு மொதல்ல என்ன நடக்கும்?"

"காத்துப்பையப் பார்ப்பேன்."

"பார்க்கணும்னு யோசிச்சுட்டா பார்ப்பீங்க?"

"இல்ல டீச்சர். சங்கு ஊதுறப்பவே கண்ணு அங்க போயிடும்."

"அப்புறம் என்ன? ஒங்களுக்கு ஏற்கனவே தெரியுதே! அங்க வெளிய பார்க்குறீங்க. இங்க வந்து ஒங்க மண்டைக்குள்ள பார்க்குறீங்க. பாய் மோட்டார கால்வாய்ல விட்டுட்டு முன்னால நிக்கிறாரு. அவர் மூஞ்சியப் பாருங்க, போதும்."

இளைய தோழர்களே, விரைவாகப் பேசுவதே உடனடித் தன்மை என்று நானும் எண்ணியிருந்தேன். எதிரில் நிற்பவரை முழுமையாகப் பார்ப்பவனுக்கு நான்கு விநாடி எடுத்தாலும் குற்றமில்லை. பாராதவன் அரை விநாடியில் பதில் சொன்னாலும் அவன் பெரிய மீனைத்தான் பிடிப்பான்.

இவ்வறிவுரை எனக்கு அன்றே விளங்கிவிட்டது, உடம்புக்கு விளங்கவில்லை. இதற்கிடையே டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். ஒரு திருமண மண்டபம். மணமகன் வீட்டாரின் இலையில் வடை வைக்கவில்லை என்று சம்பந்திகள் இருவருக்குள் மூளும் சண்டை. முடிவில் மணமகனின் தந்தை மகனை அழைத்துக்கொண்டு வெளியேற, மணமகளின் தந்தை தாம்பூலத் தட்டை வீசியெறிந்துவிட்டுத் தனியே நின்று அழுவார். சிரிப்பில் தொடங்கித் துயரத்தில் முடியும் கதை. மணமகனின் தந்தை நசீர் பாய். மணமகளின் தந்தை வேடத்தை நான் கேட்டுப் பெற்றேன்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. என் சொந்த மகளின் திருமணத்தன்று, தாலி ஏறும் நேரத்தில் மண்டபத்தின் பின்வாசலை நாற்காலிகள் அடைத்திருந்தன. அவசரத்துக்கு அறுநூறு பேர் வெளியேற வேண்டிய வழி! நான் சென்று அவற்றை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டுத் திரும்பியபோது அட்சதை போட்டு முடிந்திருந்தது. ஒருமுறையேனும், பொய்யாகவேனும், அந்த மணவறையில் தந்தையாக முழுதாக நிற்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இதை டீச்சரிடம் கூறினேன். அவர் உடனே இரங்கிவிடவில்லை.

"வேஷம் தர்றேன் அங்கிள். லாபிஸ், ஜே.பி., மெர்சிங், மூணு எடத்துல போடுறோம். லாபிஸ்தான் ஒங்களுக்குச் சோதனை. அங்கயும் டேப் ரிக்கார்டர் மாதிரி ஒப்பிச்சீங்கன்னா, நீங்களும் பாயும் வேஷத்த மாத்திக்கணும். சரியா?"

சரி என்றேன்.

லாபிஸில் ஒரு ஞாயிறு பிற்பகல். தண்டவாளத்துக்கு அருகே ஒரு சமூக மண்டபம், திரை கிடையாது, மேடை என்பது ஒரே ஒரு படி உயரம். செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் சிறு தோட்டக்காரர் வீடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்திருந்தனர். முதல் வரிசையின் நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். முன்னர்த் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோராக இருந்தவராம். ஊரில் எல்லாரும் மண்டோர் ஐயா என்றே அழைத்தனர். அவ்வட்டாரத்தில் நடந்த திருமணங்களில் மூண்ட சண்டைகளையெல்லாம் தீர்த்துவைத்தவர் என்று பின்னரே அறிந்தோம்.

நாடகம் நன்றாகவே சென்றது. அதாவது, நான் ஒப்பித்தேன், எவரும் தடுக்கவில்லை. சண்டைக் காட்சி வந்தது.

"என் சொந்தக்காரங்க எலையில வடை இல்ல! வா மகனே, போலாம்!" என்று நசீர் பாய் மகனின் மணிக்கட்டைப் பற்றினார்.

"போங்க! ஆனா ஒண்ணு, எங்க குடும்பம் மரியாதை தெரிஞ்ச குடும்பம்!" என்று நான் தட்டை ஓங்கினேன்.

"யோவ்! தட்டக் கீழ வைய்யா!"

இது நாடகத்தில் இல்லாத வசனம். மண்டோர் ஐயா எழுந்துவிட்டார். மணவறை என்பதால் செருப்பைப் படியின் கீழே கழற்றிவிட்டு மேடையேறி, என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"வடைக்காகப் பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பியா? நீ என்னய்யா பெரிய மனுசன்?" பாயின் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊருய்யா? மாசாயா? அதான பார்த்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மண்டோர் ஐயா, அது நாடகம்லா!" மண்டபம் சிரிக்கத் தொடங்கியது.

இப்போது நீங்கள் நசீர் பாயை எண்ணிப் பாருங்கள். எங்களுள் நாக்குத் தடுக்காத ஒரே மனிதர். அவர் உறைந்துபோனார். பெரியவர் ஒருவர் எதிரே வந்து நின்றால் இருபது ஆண்டுகளாக அவர் வாயில் எது வந்ததோ அதுவே வந்தது.

"வாங்க ஐயா, உக்காருங்க. என்ன குடிக்கிறீங்க?"

"தே ஓ. சீனி கொஞ்சமா."

மேடையில் பால் கலக்காத தேநீர் கேட்டதும் கூரைத் தகடு அதிரச் சிரிப்பு. எனக்கும் தொண்டைவரை சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அக்கணத்தில் என் கண், சங்கு ஒலித்ததைப் போல், தானாகவே ஓர் இடத்துக்குச் சென்றது. அந்தச் சிரிப்பு எத்திசையில் வீசுகிறது என்று பார்த்தேன். சற்று முன்வரை எங்கள்மீது வீசியது, இப்போது பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கணம் சென்றால் தம் ஊரார் முன்னிலையில் அவர் தனியாக நிற்பார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எதுவும் தோன்றவில்லை. மணமகளின் நாற்காலியை என் கை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டிருந்தது. என் வாய் பேசிக்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்க வரணும்னுதான் காத்திருந்தோம். உக்காருங்க. நீங்களே கேளுங்க இந்த நியாயத்த."

பெரியவர் அமர்ந்தார். மண்டபத்தின் சிரிப்பு மாறிவிட்டது. எல்லாரும் இப்போது எங்களோடு அமர்ந்திருந்தனர்.

"எத்தன பேருக்கு வடை பத்தல?"

"ஆறு பேருக்கு, ஐயா" என்றார் பாய், குரல் மீண்டவராய்.

"ஆறு வடைக்கு ஒரு கல்யாணமாய்யா?"

"பொண்ணக் கேளுங்க! பொண்ணக் கேளுங்க!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல். மணமகள் அழைத்து வரப்பட்டாள். "எனக்கு வடை வேணாம், மாப்பிள்ளதான் வேணும்" என்றாள். மணமகனாக நடித்த தோழருக்கு நாடகம் முழுவதிலும் இருந்தது ஒரே ஒரு வசனம்: "சரிப்பா, போலாம்." அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நான் போகலப்பா" என்றார். அவ்வளவுதான், மண்டபம் பொங்கிவிட்டது.

மேடையோரம் நின்ற டீச்சரை நோக்கினேன். ஒரு கையில் அவர் எழுதிய நாடகம். அதன் துயர முடிவு இன்னும் ஐந்து பக்கம் பாக்கி. மறு கை ஒலிப்பெட்டியின் பொத்தானில். ஒரு கணம்தான் பார்த்தார், அழுத்திவிட்டார். முதற்காட்சிக்கு வைத்திருந்த கெட்டிமேளம் முழங்கியது. பெண்கள் கொண்டையிலிருந்த மல்லிகையைப் பிய்த்து வீசினர். பூ இல்லாதவர்கள் கையிலிருந்த கச்சாங் பூத்தே கடலையை வீசினர். நானும் கடலையை அள்ளி அட்சதையாகப் போட்டேன். அழுதேன். அந்த அழுகை என் குறிப்பேட்டின் மூன்று வகையிலும் அடங்காதது; சிரிப்பு, மூக்கொழுகல், விக்கல் யாவும் கலந்த ஒன்று.

எல்லாம் முடிந்தபின் மண்டோர் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டே என் காதருகே குனிந்தார்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா தம்பி? டிக்கெட்டு கிழிச்சுத்தான உள்ள வந்தேன். ஆனா நான் உக்காந்திருக்குற எடத்துல கல்யாணம் நின்னுச்சுன்னு நாளைக்கு ஊரு பேசக்கூடாது. நாடகமா இருந்தாலும்." பிறகு பாயைத் தேடினார். "அந்தத் தே ஓ என்னாச்சு?"

நான் காப்பாற்றியதாக எண்ணிக்கொண்ட மனிதர் எங்கள் ஒருவரையும் நம்பி மேடையேறவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேன் மாசாய் வந்து சேரும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டேயிருந்தோம். இறங்கும்போது, "ஜே.பி.யிலயும் நீங்கதான் அங்கிள் அப்பா" என்றார் டீச்சர்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நான் அறிவாளியாகத் தோன்றுவேன். உண்மை அவ்வாறில்லை.

அடுத்த ஒத்திகையில் அதே காட்சி. தட்டை ஓங்கினேன். கண்களை மெல்ல இடப்புறம் திருப்பினேன். ஒரு கணம் நின்றேன். உதடு துடிக்க, சிரிப்பும் விக்கலும் கலந்து, மூக்கை உறிஞ்சினேன். மிக நன்றாக அமைந்ததாகவே எனக்குப் பட்டது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"அங்கிள்," என்றார் டீச்சர், "லாபிஸ்ல நடந்தத மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "கண்ணாடி முன்னால, டீச்சர். ஒன்பது நாள்."

"விக்கலையுமா?"

"விக்கல்தான் கஷ்டமா இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டியது. "பாய், நீங்களே இந்த வேஷத்த எடுத்துக்குங்க" என்றார். பதினான்கு ஆண்டுகள் அபாயச் சங்குகளைக் கேட்ட நெஞ்சு அன்றுதான் உண்மையில் நின்றது. ஒரு திருமணத்தைக் கோட்டைவிட்டவன் இரண்டாவதையும் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தேன்.

நசீர் பாய் தலையை ஆட்டினார். "வேணாம் டீச்சர். அந்தப் பெரியவர் மேடையில ஏறுனப்ப எனக்கு என்ன வந்துச்சு? தே ஓதான் வந்துச்சு. அண்ணனுக்குத்தான் நாற்காலி வந்துச்சு. இன்னொரு தடவ குடுங்க."

டீச்சர் இசைந்தார். பிறகு நிபந்தனை விதித்தார். ஜே.பி. அரங்கேற்றம் வரை அந்தக் காட்சிக்கு ஒத்திகை கிடையாது. என் கைப்பிரதி என் மனைவியிடம் ஒப்படைக்கப்படும். வீட்டில் கண்ணாடி முன்னால் நான் நின்றால் அவளே டீச்சருக்குச் செய்தி அனுப்புவாள். "ஜே.பி.யில பார்க்குறேன். அங்கயும் ஒப்பிச்சீங்கன்னா மெர்சிங்ல கண்டிப்பா மாத்திடுவேன்."

மூன்று வாரங்கள் சவரத்துக்குக்கூட மனைவி கதவருகே நின்று காவல் காத்தாள்.

ஜே.பி.யில் பெரிய அரங்கம். திரை, குளிர்சாதனம், வண்ண விளக்குகள், எல்லாம் உண்டு. லாபிஸில் நசீர் பாயின் வேட்டியை ஊக்கு குத்திப் பத்திரப்படுத்திய தோழர் அன்று விளக்குகளைக் கவனிக்கச் சென்றுவிட்டார். உணவகத்தில் கால்சட்டை, வீட்டில் கைலி என்று வாழ்பவர் பாய். வேட்டி அவருக்கு நாடகத்துக்கு நாடகம் வரும் விருந்தாளி. தாமே கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சண்டைக் காட்சி நெருங்க நெருங்க என் தலை காலியாக இருந்தது என்பதுதான்.

"என் சொந்தக்காரங்க எலையில வடை இல்ல!" பாய் வலக்கையை வானத்துக்கு உயர்த்தினார். இடக்கையால் மகனின் மணிக்கட்டைப் பற்றினார். சினத்தோடு திரும்பினார். வேட்டியின் கரையைத் தாமே மிதித்தார்.

முடிச்சு அவிழ்ந்தது.

"போங்க! ஆனா ஒண்ணு..." என்று நான் தொடங்கியிருந்தேன். தட்டு மணமகனின் மறுகைக்குச் சென்றது. யார் கொடுத்தது என்று கேட்டால் நான்தான் கொடுத்திருக்க வேண்டும். என் இரு கைகளும் நசீர் பாயின் இடுப்பில் இருந்தன. வேட்டியைப் பிடித்து, இழுத்து, சுற்றி, இறுக்கிச் செருகினேன். வாயோ ஒரு கணமும் நிற்கவில்லை. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, சினம் தணியாமல், "எங்க குடும்பம் மரியாதை தெரிஞ்ச குடும்பம்!" என்று முழங்கினேன்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பிறகு, நான் இதுவரை எந்த மேடையிலும் கேட்டிராதபடி, அந்தச் சிரிப்பு நடுவிலேயே அடங்கியது. தம்மை அவமதித்தவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தந்தை நிற்கிறார் என்பதை எல்லாரும் பார்த்துவிட்டனர். நானும் அப்போதுதான் பார்த்தேன். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

நசீர் பாய் என் கைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் இப்போது "வா மகனே, போலாம்" என்று கூறி வெளியேற வேண்டும்.

"சம்பந்தி," என்றார் மெதுவாக, "கொஞ்சம் தளர்த்துங்க. மூச்சு முட்டுது."

"போவீங்களா?"

"எப்படிப் போறது? நீங்க விட்டாத்தான?"

மேடையோரத்திலிருந்து கெட்டிமேளம் எழுந்தது. டீச்சர் எழுதிய துயர முடிவு இரண்டாம் முறையாகப் பறிபோனது. இம்முறை மேடையில் உண்மையான அட்சதை இருந்தது. மணமக்கள் தலையில் முதற்பிடியைப் போட்டவன் நான்.

திரை விழுந்ததும் டீச்சர் நேராக என்னிடம் வந்தார். கையில் நாடகப் பிரதி இல்லை, எங்கோ போட்டுவிட்டிருந்தார்.

"அங்கிள், வேட்டியப் பிடிக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

நான் தேடிப் பார்த்தேன். நான்கு விநாடி அல்ல, நாற்பது விநாடி தேடினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியல, டீச்சர்."

"அப்ப மெர்சிங்லயும் நீங்கதான் அப்பா" என்று என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

பின்னாலிருந்து நசீர் பாய், வேட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி, "மெர்சிங்ல நான் பெல்ட்டு போட்டுக்கிட்டு வருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.